மாத்திரைக்குள் ஒரு மதராஸ் கதை

பிரசவ வார்டில் நாம் கண்விழித்த இரவுகள் நினைவிருக்கிறதா? "ஏற்கெனவே ரத்தம் இல்லாத உடம்பு, டாக்டர்!" என்று சிஸ்டர் பதறுவார். நல்ல உடம்பு தாங்கிக்கொள்ளும் ரத்தப்போக்கே சோகை பிடித்த தாய்க்கு எமனாகிவிடும்.

1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் பம்பாய் வந்தார். அங்கே பஞ்சாலையில் உழைத்த ஏழைப் பெண்களுக்குக் கர்ப்பத்தில் வந்த கடும் சோகையை ஆராய்ந்தார். 1929-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931-ல் நம்ம திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார். இன்றைய கஸ்தூர்பா காந்தி மருத்துவமனைதான் அது. விலை உயர்ந்த ஈரல் சாறு செய்த வேலையை, மலிவான ஈஸ்ட் சாறான மார்மைட்டும் செய்தது! அதிலுள்ள மருந்துப் பொருள் எது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1941-ல் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்து, ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள்.

இன்று கர்ப்பிணிகளுக்கு நாலாம் மாதம் முதல் 180 நாள் தரும் மாத்திரையில் இரும்புச்சத்து 60 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். "குமட்டுது" என்று அதைப் பரண்மேல் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. தம்பி, தங்கைகளே! சீட்டு எழுதினால் மட்டும் போதாது. "மாத்திரை சாப்பிட்டியாம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.