யாழ்ப்பாணத்திற் கிங்ஸ்பரி

இங்கிலாந்திலே மிடில்செக்ஸ், சோமர்செட் முதலிய பகுதிகளிற் கிங்ஸ்பரி என்னும் பெயருடைய ஊர்கள் உள்ளன. பழைய ஆங்கிலத்தில் அரசனின் அரண் என்பது அதன் பொருள். அவ்வூர்களை விட்டுப் பிறவிடம் சென்றோர்க்கு ஊர்ப்பெயரே குடிப்பெயராயிற்று. ஆங்கிலேயரிடையேயும் அருகி வழங்கும் அப்பெயர் யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர் குடும்பம் ஒன்றிற் புகுந்த வரலாறு சுவையுடையது.

1816ஆம் ஆண்டிலே தெல்லிப்பழையில் அமெரிக்க மிஷனரிமார் பணி தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி எழுந்தது. விடுதியில் தங்கிப் பயின்ற பிள்ளைகளுக்காக அமெரிக்காவிலுள்ள அன்பர்கள் பணம் உதவினர். தாம் தாங்கும் பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரை இடவும் செய்தனர். இவ்வாறு சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார். விசுவநாதபிள்ளை கறல் ஆனார். கடல்களுக்கு அப்பாலிருந்து பெயரிட்டவர், அப்பெயரைத் தாங்கிய பிள்ளையின் முகத்தைக் காணாமலே மறைந்திருப்பார்.

கிங்ஸ்பரியும் அமெரிக்க மிஷன் வழியே வந்த பெயர்தான். அம்மிஷனை அனுப்பிய சங்கத்தின் ஊழியருள், வட அமெரிக்கச் சொக்டோ மக்களிடையே பணிபுரிந்த சைரஸ் கிங்ஸ்பரி புகழ்பெற்றவர்.

நம்மவர்க்கோ குடிப்பெயர் என்பதே புதிது. ஊரும் தந்தையும் முதலெழுத்துகளாய் முன்னிற்பது நம் வழக்கம். சி. வை. தாமோதரம்பிள்ளை என்றால், சிறுப்பிட்டி வைரவநாதர் மகன் என்று அறிந்துகொள்வோம். வட்டுக்கோட்டையிற் பயின்ற அவர், கறல் விசுவநாதபிள்ளையோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியானார். கிறித்தவச் சூழலில் வளர்ந்தும் சைவராய் வாழ்ந்து, 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். ஏடுகள் செல்லரித்து அழியுமுன் அவற்றைக் காத்த அப்பெருமகனைத் தமிழுலகம் தமிழ்ப்பெயராலேயே போற்றுகிறது.

அவர் மகன் அழகசுந்தரம் கிறித்தவராகிப் பிரான்சிஸ் கிங்ஸ்பரி எனப் பெயர் பூண்டார். சமயம் மாறியதனால் தமிழ் மாறவில்லை. சைவத் திருமுறைகளிலே அவர் கொண்ட ஈடுபாடும் குறையவில்லை. பெங்களூர் இறையியற் கல்லூரியிற் பணியாற்றிய அவர், ஜி. இ. பிலிப்ஸ் என்னும் மிஷனரியோடு கூடிச் சம்பந்தர், அப்பர், சுந்தரர், மாணிக்கவாசகர் ஆகிய நால்வர் பாடல்களிலே தெரிந்தெடுத்தவற்றை ஆங்கிலத்திற் பெயர்த்தார். 1921இல் வெளிவந்த அந்நூலின் முகப்பிலே எஃப். கிங்ஸ்பரி என்றே காண்கிறோம். சிறுப்பிட்டியும் வைரவநாதரும் அங்கே இல்லை.