ஆண்டிபயாட்டிக் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா?

மாத்திரை விழுங்க அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கும், பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் மாத்திரையைக் கரண்டியால் நசுக்கிக் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். ஆண்டிபயாட்டிக் மருந்துகளில் சிலவற்றை அப்படிக் கொடுக்கலாம், சிலவற்றைக் கொடுக்கவே கூடாது. மாத்திரை எப்படித் தயாரிக்கப்பட்டது என்பதே இதைத் தீர்மானிக்கிறது.

பொடிக்கக் கூடாதவை

மருந்தின் பெயரோடு எக்ஸ்ஆர், எக்ஸ்எல், எஸ்ஆர், எம்ஆர் போன்ற எழுத்துகள் இருந்தால், அது மருந்தை மெதுவாக வெளியிடும் வகை. கிளாரித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் ஆகியவற்றில் இவ்வகை உண்டு. பொடித்தால், பல மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக உடலில் சேரும். குமட்டல், வயிற்றுவலி கூடலாம். அடுத்த வேளைக்கு முன்பே இரத்தத்தில் மருந்து குறைந்துவிடுவதால், கிருமிகள் தப்பிப் பிழைக்கவும் இடமுண்டு.

எரித்ரோமைசின் மாத்திரைகள் சிலவற்றில், வயிற்று அமிலத்திலிருந்து மருந்தைக் காக்கும் பூச்சு இருக்கும். அதை உடைத்தால் அமிலம் மருந்தைச் சிதைத்துவிடும்.

டாக்சிசைக்ளின் உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும். கேப்சூலைத் திறக்காமல், ஒரு குவளை தண்ணீருடன் நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்க வேண்டும். அரை மணி நேரத்துக்குப் படுக்கக் கூடாது.

பொடிக்கக்கூடியவை

சாதாரண சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையைப் பொடிக்கலாம், ஆனால் கடுமையாகக் கசக்கும். கசப்பை மறைக்கப் பாலிலோ, தயிரிலோ, பால் சேர்த்த மைலோவிலோ கலக்காதீர்கள். பாலிலுள்ள கால்சியம் மருந்தோடு பிணைந்து, அது உடலில் சேர்வதைத் தடுக்கும்.

செஃபுரோக்சிம் மாத்திரையைப் பொடித்தால் கசப்பு வாயில் நெடுநேரம் தங்கும். பிள்ளைகள் துப்பிவிடுவார்கள். அவர்களுக்குத் திரவ மருந்தே பொருத்தம்.

மருந்தாளர் அனுமதித்தால்

* ஒரு வேளைக்குரியதை மட்டும், கொடுக்கும் நேரத்தில் பொடியுங்கள்.
* ஓரிரு தேக்கரண்டி உணவில் மட்டும் கலந்து, முழுவதையும் கொடுங்கள். ஒரு மங்கு கஞ்சியில் கலந்து பாதி மிஞ்சினால், பாதி மருந்தும் வீண்.
* பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர் அவ்வகை மருந்தைப் பொடிக்க வேண்டாம். தூளே ஒவ்வாமையைத் தூண்டலாம்.
* மூக்குக் குழாய்வழி உணவு பெறுவோருக்குக் கொடுக்கும் முறையைத் தனியாகக் கேட்டறியுங்கள்.

முதலிலேயே சொல்லுங்கள்

விழுங்குவதில் சிரமம் என்பதை மருத்துவரிடம் மருந்து எழுதும்போதே சொல்லிவிடுவது நல்லது. அமோக்சிசிலின் உட்படப் பல ஆண்டிபயாட்டிக் மருந்துகள் திரவமாகவும் கிடைக்கின்றன. திரவ மருந்தை ஒவ்வொரு முறையும் குலுக்கி, சமையலறைக் கரண்டியால் அல்லாமல் அளவுக் குழாயால் அளந்து கொடுங்கள். குளிர்பெட்டியில் வைக்க வேண்டுமா, எத்தனை நாள் தாங்கும் என்பதைப் புட்டியின் ஒட்டுச்சீட்டில் பாருங்கள்.

ஏற்கெனவே மாத்திரை கையில் இருந்து, விழுங்க முடியவில்லை என்றால், வேளையைத் தவறவிடாதீர்கள். நீங்களாகவே நிறுத்திவிடவும் வேண்டாம். மருந்து கொடுத்த கிளினிக்கையோ மருந்தகத்தையோ அன்றே அழைத்து, வேறு வடிவில் மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள்.