கோட்டை மேல் ஒரு கழுகு

முன்காச் நகரத்தில் ஒரு பழைய ஜோக் உண்டு. தாத்தா ஒருவரிடம் வாழ்க்கைக் கதையைக் கேட்டார்களாம். "பிறந்தது ஆஸ்திரியா-ஹங்கேரி. கல்யாணம் செக்கோஸ்லோவாகியாவில். பிள்ளை பிறந்தது ஹங்கேரியில். உத்தியோகம் சோவியத் யூனியன். பென்ஷன் உக்ரைன்." அடேயப்பா, எவ்வளவு தேசம் சுற்றியிருக்கிறார் என்று வியந்தால், தாத்தா சொன்னார்: "நான் எங்கேப்பா சுற்றினேன்? இந்தத் தெருவைத் தாண்டினதே இல்லை!"

முன்காச் இருந்தது பெரெக் மாவட்டத்தில். பழைய ஹங்கேரி ராஜ்ஜியத்தின் வடகிழக்கு மூலை. 1910 கணக்குப்படி ஜனத்தொகை சுமார் 2 லட்சத்து 36 ஆயிரம். வடக்கே கார்பேத்திய மலைக்காடுகள். அங்கே மரம் வெட்டியும் ஆடு மாடு மேய்த்தும் பிழைத்தவர்கள் ருத்தேனியர்கள். தெற்கே டிஸா நதிச் சமவெளியில் ஹங்கேரிய விவசாயிகள். தலைநகர் பெரெக்ஸாஸைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள். முன்காச் ஊருக்குள் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக யூதர்கள்.

ஊருக்கு மேலே, குன்றில் கோட்டை. அதை வைத்து ஹங்கேரியர்கள் இன்றைக்கும் உருகும் கதை ஒன்று இருக்கிறது. 1685. ஆஸ்திரியச் சக்கரவர்த்தி லியோபோல்டின் படை கோட்டையைச் சுற்றி வளைக்கிறது. எதிர்த்து நிற்க வேண்டிய இம்ரே டோக்கொலி அங்கே இல்லை. அவர் நம்பிய துருக்கியர்களே அவரைப் பிடித்து வைத்துவிட்டார்கள். கோட்டையில் இருந்தது அவர் மனைவி இலோனா ஸ்ரின்யி. கூடவே முதல் கணவர் மூலம் பிறந்த மகளும், ஒன்பது வயது மகன் ஃபெரென்ஸ் ராக்கோட்ஸியும். சரணடையுங்கள் என்றார்கள். முடியாது என்றார். ஒரு மாதம், இரண்டு மாதம் இல்லை... 1688 ஜனவரி வரை, இரண்டு வருஷத்துக்கும் மேல் தாக்குப்பிடித்தார்!

கடைசியில் வியன்னாவுக்குக் கொண்டுபோனார்கள். மகனைப் பிரித்து பொஹீமியாவில் ஏசு சபைப் பள்ளியில் சேர்த்தார்கள். பையனை ஆஸ்திரிய விசுவாசியாக வளர்த்துவிடலாம் என்று கணக்கு. நடந்தது வேறு. 1703-ல் அவர்தான் ஆஸ்திரியாவுக்கு எதிரான விடுதலைப் போருக்குத் தலைமை ஏற்றார். அதே வருஷம் அம்மா துருக்கி மண்ணில், அகதியாக இறந்துபோனார்.

1896-ல் ஹங்கேரியர்கள் தங்கள் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடினார்கள். முன்னோர்கள் மலை தாண்டி வந்த வெரெட்ஸ்கே கணவாய் பெரெக்கில்தான் இருந்தது. எனவே முன்காச் கோட்டையில் டுருல் என்கிற புராணக் கழுகுக்குச் சிலை எழுப்பினார்கள்.

1920. டிரியனான் ஒப்பந்தம். மாவட்டத்தின் பெரும்பகுதி செக்கோஸ்லோவாகியாவுக்குப் போனது. புது அரசு கழுகை இறக்கியது. 1938-ல் ஹிட்லர் தயவில் முன்காச்சும் பெரெக்ஸாஸும் மறுபடி ஹங்கேரிக்கு. ஊரே பூமாரி பொழிந்து வரவேற்றது.

ஆறே வருஷம். 1944 ஏப்ரலில் ஹங்கேரியப் போலீஸ் வீடு வீடாகப் போய் யூதர்களைத் திரட்டியது. செங்கல் சூளைகளில் அடைத்து வைத்து, மே மாதம் சரக்கு ரயிலில் ஏற்றி ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். அக்டோபரில் செஞ்சேனை வந்தது. நவம்பரில் ஹங்கேரிய, ஜெர்மானிய ஆண்களுக்கு ஓர் உத்தரவு: பதினெட்டிலிருந்து ஐம்பது வயது வரை எல்லோரும் வரவேண்டும், மூன்று நாள் சின்ன வேலை. போனவர்களை ஸோய்வா முகாமில் அடைத்தார்கள். பசியிலும் காய்ச்சலிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ரயிலில் ஏற்றியபோது ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த வீடுகளிலும் இப்போது அழுகை. யாருக்கு யார் ஆறுதல் சொல்வது?

1945-ல் சோவியத் யூனியன். 1991-ல் உக்ரைன். மாஸ்கோ நேரம் அமலில் இருந்த நாளிலும் பெரெக்ஸாஸ் ஹங்கேரியர்கள் தங்கள் பழைய நேரத்தை விடவில்லை. அந்த ஊரில் யாராவது எட்டு மணிக்கு வரச்சொன்னால், எந்த எட்டு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாவட்டம் என்னவாயிற்று? எல்லைக்கு இந்தப் பக்கம் மிஞ்சிய துண்டை ஹங்கேரி பக்கத்து மாவட்டங்களோடு சேர்த்துவிட்டது. சபோல்ச்-சாட்மார்-பெரெக் என்று நீளமான பெயரில் கடைசியில் தொங்கிக்கொண்டிருக்கிறது, பெரெக்.

கழுகு? 2008-ல் புதிதாகச் செய்து கோட்டையில் மறுபடி வைத்தார்கள். 2022 அக்டோபரில், ரஷ்யாவோடு யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போது, நகர நிர்வாகம் அதை இறக்கியது. அந்த இடத்துக்கு உக்ரைனின் திரிசூலச் சின்னம் வந்தது.