மணியோசையும் தந்தியும்

1918 ஆகஸ்ட் 8ஆம் நாள் பிரான்சின் அமியான் நகருக்கருகே நேச நாட்டுப் படைகள் தொடுத்த தாக்குதல், முதல் உலகப் போரின் இறுதிக் கட்டத்தைத் தொடக்கி வைத்தது. நெடுங்காலம் பதுங்குகுழிகளில் முடங்கிக் கிடந்த பிரிட்டிஷ் படையினர் முன்னேறத் தொடங்கினர். வெற்றி நெருங்கியதேயன்றிச் சாவு விலகவில்லை. நவம்பர் 11ஆம் நாள் போர் ஓயுமுன், பிரிட்டிஷ் பேரரசுப் படைகளில் மாண்டோரும் காயமுற்றோரும் காணாமற் போனோரும் மூன்று இலட்சத்தைக் கடந்தனர். அவர்களுள் ஒருவர் கவிஞர் வில்ஃபிரட் ஓவன்.

1917இல் போர் அதிர்ச்சியால் மனம் நைந்த ஓவன், எடின்பரோ நகரின் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் சேர்க்கப்பெற்றார். ஆங்கே கவிஞர் சீக்ஃபிரீட் சசூனின் நட்பு வாய்த்தது. போரைப் புகழும் மரபை உதறி, போரின் அவலத்தைப் பாடும் துணிவு அந்நட்பில் உரம்பெற்றது. மெய்யொலிகள் ஒத்து நிற்க, இடைப்பட்ட உயிரொலி மட்டும் மாறும் இயைபினை அவர் கையாண்டார். எதுகையின் இன்பத்தில் தோய்ந்த தமிழ்ச் செவிக்கு அதன் நோக்கம் எளிதில் விளங்கும். இசை நிறைவுறாது தடுமாறும் அவ்வோசை, சிதைந்த உலகைப் பாட ஏற்றதாயிற்று.

தாயகத்திலேயே பணியாற்றும் வாய்ப்பிருந்தும், 1918இல் ஓவன் களத்திற்கு மீண்டார். தலையில் குண்டடிபட்டுச் சசூன் திரும்பியபின், வீரர்தம் துயரைச் சொல்ல அவ்விடத்தில் ஒரு கவிஞன் வேண்டும் என அவர் கருதினார். அக்டோபரில் ஜோன்கூர் அருகே அவர் காட்டிய வீரத்திற்கு இராணுவச் சிலுவை விருது பின்னர் வழங்கப்பெற்றது. போரை வெறுத்துப் பாடியவரே களத்தில் முன்னின்றார் என்பது எண்ணத்தக்கது.

நவம்பர் 4ஆம் நாள் விடியலில், ஓர்ஸ் என்னும் சிற்றூரருகே சாம்பர்-ஊவாஸ் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் ஓவன் வீழ்ந்தார். அகவை இருபத்தைந்து. போர் முடிய ஒரு வாரமே எஞ்சியிருந்தது. ஷ்ரூஸ்பரி நகரில் வெற்றி மணிகள் ஒலித்த நவம்பர் 11ஆம் நாளன்று, மகனின் இறப்பைத் தெரிவிக்கும் தந்தி பெற்றோர் கையை அடைந்தது.

இறுதியாக விடைபெற்றபோது மகன் கூறிய தாகூரின் வரிகள் அவருடைய சட்டைப்பைக் குறிப்பேட்டிலும் எழுதப்பட்டிருந்ததை, 1920இல் அவர்தம் அன்னை தாகூருக்கே கடிதமாக எழுதினார். ஓவன் வாழ்ந்தபோது அச்சேறிய கவிதைகள் ஐந்தே. அதே 1920இல், ஈடித் சிட்வெல்லின் உழைப்பும் சசூனின் முன்னுரையும் துணைநிற்க, அவருடைய முதல் தொகுப்பு வெளிவந்தது. களத்தில் வீழ்ந்தவரின் கைப்பிரதிகள் தோழமைக் கவிஞர்களால் நூலாயின.