டிராக்டரின் பிறந்தகம்

பழைய இரும்புச் சைக்கிள் ஒன்றைத் தேடிப் பிடித்து, துருவைச் சுரண்டி, வளைந்ததை நிமிர்த்தி, டிராக்டரைப் போலச் சிவப்பும் சாம்பலுமாகச் சாயம் அடித்து, தனக்கென்றே ஒரு வாகனம் கட்டிக்கொள்ளும் ஆசை உலகத்தில் சிலருக்கு இருக்கிறது. பார்ப்பவர்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள். "பூனைக்குப் புலி வேஷமா?" என்பார்கள். அந்தச் சிரிப்பில் சேர எனக்கு மனம் வரவில்லை. தாத்தாவின் ஜாடை பேரனிடம் தெரிந்தால் நாம் சிரிப்பதில்லையே; பேரனுடைய சட்டையைத் தாத்தா ஒரு நாள் எடுத்து மாட்டிக்கொண்டால் மட்டும் ஏன் சிரிக்க வேண்டும்? டிராக்டருக்குப் பிறந்தகம் சைக்கிள் கடைதான். சரித்திரம் அப்படிச் சொல்கிறது.

அயர்லாந்தின் வடபகுதியில் ஒரு குடியானவர் வீட்டில் 1884-ல் பிறந்தவர் ஹாரி பெர்கூஸன். 1902-ல் பண்ணையை விட்டுவிட்டுப் பெல்பாஸ்ட் நகரத்துக்குப் போய், அண்ணன் ஜோ வைத்திருந்த சைக்கிள், மோட்டார் ரிப்பேர்க் கடையில் சேர்ந்தார். 1909 டிசம்பர் 31-ல் தாமே கட்டிய விமானத்தில் ஏறி, அயர்லாந்தில் பறந்த முதல் மனிதர் என்று பெயர் வாங்கினார். அமெரிக்காவில் ரைட் சகோதரர்களும் சைக்கிள் கடைக்காரர்கள்தாம் என்பது எல்லோருக்கும் தெரியும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சங்கிலி, பல்சக்கரம், குண்டு பேரிங், கனமில்லாத எஃகுக் குழாய் எல்லாம் ஒரே இடத்தில் கைக்குக் கிடைத்தது அங்கேதான். யந்திரம் கற்க விரும்பிய ஏழைப் பிள்ளைக்கு அக்காலத்தில் சைக்கிள் கடையே காலேஜ்.

அன்றைய டிராக்டர்கள் கலப்பையை, கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி, பின்னால் இழுத்துக்கொண்டு போயின. கலப்பை ஒரு பாறையில் மாட்டிக்கொண்டால் டிராக்டர் முன்பக்கம் தூக்கி, ஓட்டுகிறவன் மேலேயே கவிழ்ந்துவிடும். பெர்கூஸன் கலப்பையை மூன்று இடத்தில், கீழே இரண்டும் மேலே ஒன்றுமாக, டிராக்டரோடு பிணைத்தார். எண்ணெய் அழுத்தத்தால் அது ஏறி இறங்கும்படி செய்தார். கலப்பையின் பாரமும் மண்ணின் இழுப்பும் சேர்ந்து பின்சக்கரங்களை நிலத்தில் அழுத்தின. கனமில்லாத சிறிய டிராக்டரே ஆழ உழுதது. இன்று நம் வயல்களில் ஓடும் டிராக்டர்கள் அநேகமாக எல்லாவற்றிலும் பின்புறத்தில் இந்த மூன்று புள்ளிப் பிணைப்பைக் காணலாம்.

1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் அவருடைய சாம்பல் நிற டிராக்டர்கள் 5 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியாயின. அதே கவென்ட்ரியில்தான் 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' சைக்கிளைச் செய்து வெளியிட்டார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் சங்கிலி என்று இன்று நாம் சைக்கிள் என்றதும் நினைக்கிற உருவம் அதிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவிலோ, கலப்பைக்குப் பேர்போன ஜான் டீர் கம்பெனியார் டிராக்டர் விற்பதற்கு வெகு முன்பே, 1890-களில், சைக்கிள் விற்றார்கள். 1970-களில் மறுபடியும் விற்றார்கள். இந்தத் தடவை தங்கள் டிராக்டரின் பச்சையும் மஞ்சளும் பூசி! ஆகவே டிராக்டர்ச் சாயம் பூசிய சைக்கிள் யாரோ ஒரு பித்தருடைய கற்பனை என்று எண்ண வேண்டாம்.

நம் பக்கத்திலும் இந்த இரண்டும் அண்டை வீட்டுக்காரர்கள்தாம். சென்னைக்கு மேற்கே அம்பத்தூரில், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து முருகப்பா குடும்பத்தார் 1949-ல் சைக்கிள் கம்பெனியைத் தொடங்கினார்கள். ஹெர்குலிஸ் சைக்கிள் தமிழ்நாட்டுச் சைக்கிள் ஆயிற்று. சைக்கிளுக்கு வேண்டிய எஃகுக் குழாய்க்கென்று 1955-ல் ஆவடியில் ஒரு தொழிற்சாலை வந்தது. அங்கிருந்து அதிக தூரமில்லாத செம்பியத்தில், அமால்கமேஷன்ஸ் குழுவினர் 1960-ல் டாபே டிராக்டர் கம்பெனியைத் தோற்றுவித்தார்கள். கூட்டாளி யார் தெரியுமா? மாஸி பெர்கூஸன். பெல்பாஸ்ட் சைக்கிள் கடைப் பையனுடைய பெயர் சிவப்பு டிராக்டரின் நெற்றியில் ஏறிக்கொண்டு நம் வயல்களுக்கு வந்தது.

இனி, அப்படி ஒரு சைக்கிளை நாமே கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதை ஓட்டிப் பார்க்க ஓர் இடம் வேண்டும் அல்லவா? சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் மலைப் பாதையை நான் சொல்வேன். தூரம் என்னவோ 30 கிலோமீட்டர்தான். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகள், 1,200 மீட்டருக்கும் மேலான ஏற்றம். மேலே போனால் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகள், மரத்தைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகள். 1820-களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை காலத்தில் காப்பி இந்த மலைக்கு வந்தது. அந்தச் சரிவுகளில் டிராக்டருக்கு வேலை இல்லை. மண்வெட்டியும் மனிதர் கையும்தான். சாதாரணச் சைக்கிளையும் அந்த மலை லேசில் ஏற்றுக்கொள்ளாது. இரண்டையும் ஒதுக்குகிற மலை இரண்டின் குணத்தையும் நமக்குக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆனால் அந்த இடத்தைச் சொன்னதற்கு அது மட்டும் காரணமில்லை. சேலத்து மண்ணே இரும்பு மண். ஊருக்கு மேற்கே கஞ்சமலை இரும்புத் தாது நிறைந்தது. அந்தச் சீமையில் பரம்பரையாக இரும்பு காய்ச்சியவர்கள் எஃகு செய்த முறை கேட்பதற்கே அழகானது. கைப்பிடி இரும்பை மண் மூசையில் இட்டு, ஆவாரங்கட்டையைச் சீவிப் போட்டு, எருக்கிலையால் மூடி, களிமண்ணால் வாயை அடைத்து, துருத்தி வைத்து ஊதுவார்கள். இரும்பு அந்தச் செடிகளின் கரியைக் குடித்து எஃகாகும். ரோட்டோரத்தில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிற ஆவாரை வாளுக்குக் கூர்மை கொடுத்த செடி!

இந்த முறையைப் பார்த்து எழுதி வைத்தவர்களில் ஒருவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர். மதராஸில் கம்பெனி சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர். எஃகு என்ற பைத்தியம் அவருக்குப் பிடித்தது நம் ஊரில்தான். உத்தியோகத்தை உதறிவிட்டு, 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் பெரிய இரும்பு உருக்காலை தொடங்கினார். தாது சேலத்திலிருந்து போயிற்று. உலைக்குக் கரி காட்டிலிருந்து வர வேண்டும். காடு அழிய அழியக் கரி தூரப் போயிற்று, செலவு ஏறிற்று. அந்த ஆலை தள்ளாடித் தள்ளாடி, அந்த நூற்றாண்டு முடியுமுன் அணைந்து போயிற்று. சீமை இரும்பு கப்பலில் மலிவாக வந்து இறங்க, சேலத்துச் சிறு உலைகளும் ஒவ்வொன்றாக அணைந்தன.

ஹீத் இங்கிலாந்துக்குத் திரும்பினார். எஃகு காய்ச்சும்போது மாங்கனீஸ் கலந்த சேர்மானம் சிறிது போட்டால், மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு வரும் என்று கண்டு 1839-ல் பேட்டண்ட் வாங்கினார். ஷெபீல்டு நகரத்து எஃகுத் தொழில் அதனால் கொழித்தது. ஆனால், அந்தச் சேர்மானத்தை வெளியில் தனியாகச் செய்யாமல் மூசைக்குள்ளேயே உண்டாகும்படி மற்றவர்கள் மாற்றிக்கொண்டு, 'இது உம்முடைய முறை இல்லை' என்று கைவிரித்தார்கள். வருஷக் கணக்கில் வழக்கு நடந்தது. 1851-ல் ஹீத் இறந்தார். அவர் மனைவிக்காவது ஏதாவது கிடைத்ததா என்றால், 1855-ல் பிரபுக்கள் சபையில் வழக்கே தோற்றது. ஆவாரங்கட்டை சீவியவனுக்குப் பெயரும் மிஞ்சவில்லை; அவனிடம் பாடம் கேட்டவருக்குப் பணமும் மிஞ்சவில்லை. எஃகு மட்டும் மிஞ்சிற்று.

1935-ல் இங்கிலாந்தில் ரெனால்ட்ஸ் கம்பெனி, மாங்கனீஸும் மாலிப்டினமும் கலந்த '531' என்ற எஃகுக் குழாயை வெளியிட்டது. மெல்லிசு, ஆனால் முறுக்கு. உலகத்துச் சிறந்த சைக்கிள்கள் பல அந்தக் குழாயால் ஆனவை. ரெனால்ட்ஸ் அப்போது யாருடைய கையில் இருந்தது? பின்னால் அம்பத்தூருக்கு வந்த அதே டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கையில். கஞ்சமலையிலிருந்து அம்பத்தூருக்கு நேர்க்கோடு இழுக்க நான் துணிய மாட்டேன். சரித்திரம் நேர்க்கோட்டில் நடப்பதில்லை. அதுவும் ஏற்காட்டுப் பாதை மாதிரி வளைந்து வளைந்துதான் ஏறுகிறது.

இன்னொரு வேடிக்கை. சேர்வராயன் மலையின் அடிவாரச் சீமையில் இரும்பு. உச்சியில் பாக்ஸைட், அதாவது அலுமினியத்தின் தாது. 1960-களில் மேட்டூரில் எழுந்த மதராஸ் அலுமினியம் ஆலை அந்தத் தாதுவை வெட்டி எடுத்தது. 2008-ல் அதன் உருக்குலை நின்றது. இன்று சைக்கிள்கள் பலவற்றில் எஃகை விரட்டிவிட்டு உட்கார்ந்திருப்பது அலுமினியம்தான். கனம் குறைவு, துருப் பிடிக்காது. மலை ஏறுகிறவனுக்கு அது நல்லதுதானே என்று கேட்பீர்கள். நல்லதுதான், உடைகிற வரைக்கும். அலுமினியச் சட்டம் வெடித்தால் பற்றவைத்த இடம் வலுவிழந்துவிடும்; மறுபடி பதப்படுத்த உலை வேண்டும். எஃகுச் சட்டத்துக்குத் தெருமுனைப் பட்டறை போதும்.

பழைய சைக்கிளின் சட்டத்தை உற்றுப் பாருங்கள். குழாய்கள் சேரும் இடமெல்லாம் முழங்கை மாதிரி ஒரு எஃகு உறை இருக்கும். குழாயை அதில் செருகி, சிவக்கக் காய்ச்சி, பித்தளையை உருக்கி விடுவார்கள். பித்தளை உருகுகிற சூட்டில் எஃகு உருகாது. இடுக்கில் பித்தளை ஓடி இறுகிக்கொள்ளும். குழாய் ஒன்று கெட்டுப்போனால் மறுபடி காய்ச்சி, அதை மட்டும் பிடுங்கி, வேறு செருகலாம். செய்தவனே பிரித்துப் பார்க்க வழி வைத்துச் செய்த பொருள் அது.

சரி, கட்டுவோம். 28 அங்குலச் சக்கரம். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்பது சமவெளிக் கணக்கு. பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி சுமார் 5.4 மீட்டர் ஓடும். ஏற்காட்டுக்கு அது ஆகாது. பின்னால் 22 பல் போட்டால் 4.4 மீட்டராகக் குறையும்; வேகம் போகும், முழங்கால் பிழைக்கும். டிராக்டரும் இதைத்தானே செய்கிறது? வேகத்தைக் கொடுத்து இழுவையை வாங்குகிறது. இறங்கும்போது இன்னும் எச்சரிக்கை வேண்டும். பழைய ராடு பிரேக் ரிம்மைக் கவ்வுவது. மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் கட்டை வழுக்கும். மலையில் மேகம் வந்து கவிகிற ஊருக்கு, ஹப்புக்குள் அடங்கிய டிரம் பிரேக்தான் சரி.

கேரியரை எப்படிப் பூட்டுவது? பின் அச்சில் இரண்டு பக்கம் இரண்டு கால், சீட்டுக்குக் கீழே ஒரு பிடி. எண்ணிப் பாருங்கள், மூன்று புள்ளி! பெர்கூஸன் கலப்பையைக் கட்டியதும் இப்படித்தான். எந்த மளிகைக் கடைப் பையனும் அரிசி மூட்டையை ஏற்றிக்கொண்டு போன கேரியரில் அந்த ரகசியம் பகிரங்கமாகவே இருந்தது. கடைசியில் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து, பேரிங்குக்குக் கிரீஸ் வைத்து, சிவப்புச் சாயம் அடித்தால் வேலை முடிந்தது.

சாயத்துக்குப் பின்னால் ஒரு நியாயமும் இருக்கிறது. டிராக்டர் வாங்க முடியாத குடும்பத்துக்குச் சைக்கிளே டிராக்டராக இருந்தது. பால் கேன், வாழைத்தார், தண்ணீர்க் குடம், புல்லுக்கட்டு எல்லாம் அதன் மேல் ஏறின. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கத்தில், எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள் ஆயிரக்கணக்கான பெண்கள். யாரையும் எதிர்பாராமல் சந்தைக்கும் கிணற்றுக்கும் அவர்களே போய் வந்தார்கள்.

அந்தச் சைக்கிள் கெட்டுப்போனால் சரிசெய்ய ஒரு ஸ்பேனரும் ஒரு சுத்தியலும் பொறுமையும் போதும். டிராக்டரும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. இப்போது பெரிய டிராக்டர்களுக்குள் கம்ப்யூட்டர் புகுந்துவிட்டது. பூட்டின் சாவி கம்பெனியிடம். அமெரிக்காவில் விவசாயிகள் தங்கள் சொந்த டிராக்டரைத் தாங்களே ரிப்பேர் செய்துகொள்ளும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. கொலராடோ மாகாணம் 2023-ல் அதற்கென்று தனிச் சட்டமே செய்தது. பணக்கார வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் பிறந்தகத்தை மறந்த கதைதான்.

சேலத்து உலைக்காரர் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. அவர் கை நின்றதும் வித்தையும் நின்றது. சைக்கிள் கடைக்காரருடைய கை இன்னும் நிற்கவில்லை. பித்தளை ஊற்றவும் கோட்டம் எடுக்கவும் தெரிந்தவர் நம் ஊர்த் தெருமுனைகளில் இன்னும் இருக்கிறார். பழைய சைக்கிளுக்குச் சிவப்புச் சாயம் பூச நினைக்கிறவர் அவரிடம் போகட்டும். சாயம் பூசும் சாக்கில் ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தால், கூலி கொடுத்ததற்கு மேலேயே கிடைத்துவிட்டது.