24 மணி நேரம் சுத்துறதுல என்ன இருக்கு? லெ மான்ஸும் அதைத் திட்டினவங்களும்

இந்த எபிசோடுக்கு விதை போட்டது ஒரு டீக்கடைப் பேச்சு. 2025 ஜனவரி, துபாய் 24 மணி நேரப் பந்தயத்துல அஜித்குமாரோட டீம் 991 பிரிவுல மூணாவது இடம் பிடிச்ச நேரம். ஆபீஸ்ல எல்லார் போன்லயும் அதே வீடியோ. அப்போ கூட வேலை பார்க்குற நண்பர் ஒருத்தர் கேட்டார்: "மச்சி, மூணாவதுன்னா மொத்தத்துல மூணாவதா? அது என்ன பிரிவு? ஒரே ரோட்டை 24 மணி நேரம் சுத்துறதுக்குப் பேரு ரேஸா?"

நான் டென்ஷன் ஆயிட்டேன். நாப்பது நிமிஷம் விளக்கினேன். டீ ஆறிப்போச்சு, அவரும் பாவம் தலையாட்டிட்டே இருந்தார். ராத்திரி வீட்டுக்கு வந்து யோசிச்சா ஒண்ணு புரிஞ்சுது. அவர் கேட்ட கேள்விக்கு நான் பதிலே சொல்லல. எனக்குப் பிடிச்ச விஷயத்தை ஒருத்தர் குறை சொல்லிட்டாரேங்கிற கோபத்தைத்தான் சொல்லியிருக்கேன்.

எண்டூரன்ஸ் ரேஸிங் ரசிகர்களுக்கும் அதை விமர்சிக்குறவங்களுக்கும் நடக்குற இந்தச் சண்டை ரொம்பப் பழசு. அதுல ரசிகர்கள் எப்போ சரியா இருந்தாங்க, எப்போ தப்பா இருந்தாங்கன்னு இன்னிக்குப் பார்ப்போம்.

ஆரம்பிச்சதே ஒரு பத்திரிகைக்காரர்

முதல்ல ஒரு ட்விஸ்ட். பத்திரிகைகள் அடிக்கடி திட்டின இந்தப் பந்தயத்தைத் தொடங்கின மூணு பேர்ல ஒருத்தர் பத்திரிகையாளர். பேர் சார்ல்ஸ் ஃபரூ, பிரான்ஸ்ல மோட்டார் வாகனங்களைப் பத்தி எழுதினவர். லெ மான்ஸ் ஊர் கிளப்போட ஜார்ஜ் துரான், சக்கரம் தயாரிக்கிற ரட்ஜ்-விட்வர்த் கம்பெனியோட பிரான்ஸ் பிரதிநிதி எமில் கோக்கில், இவங்க ரெண்டு பேரோட சேர்ந்து அவர் போட்ட திட்டம்தான் 24 மணி நேரப் பந்தயம்.

முதல் பந்தயம் 1923 மே 26, 27 தேதிகள்ல நடந்தது. தனியா கட்டின ட்ராக் எல்லாம் கிடையாது. ஊர்க்காரங்க தினமும் போற சாலையை ரெண்டு நாள் மூடி ஓட்டினாங்க. 33 கார்கள் கிளம்பின. அதிக தூரம் ஓடினது லகாஷ், லெயோனார் ரெண்டு பேரும் ஓட்டின ஷெனார்-வால்க்கர் கார், சுமார் 2209 கிலோமீட்டர். சராசரி போட்டா மணிக்கு 92 கிலோமீட்டர்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அந்த வருஷம் "இவர்தான் வெற்றியாளர்"னு யாரையும் அறிவிக்கவே இல்ல. கோப்பை மூணு வருஷத்துக்குச் சேர்த்து வெச்சது. யார் வேகம்ங்கிறது அவங்க முதல் கேள்வி இல்ல. ராத்திரி முழுக்க ஹெட்லைட் எரியுதா? மழைல வண்டி நிக்காம ஓடுதா? ஒரு சாதாரண ஆள் காசு கொடுத்து வாங்குற காரை நம்பலாமா? இதுதான் கேள்வி. எங்க பாஷைல சொன்னா இது ஸ்பீட் டெஸ்ட் இல்ல, அப்டைம் டெஸ்ட். சர்வர் எவ்வளவு வேகம்னு யாரும் ராத்திரி 3 மணிக்குக் கேக்க மாட்டாங்க. உயிரோட இருக்கான்னுதான் கேப்பாங்க.

1955: ரசிகர்களால பதில் சொல்ல முடியாத கேள்வி

இப்போ கஷ்டமான பகுதி. 1955 ஜூன் 11, சாயங்காலம் ஆறரை மணி சுமாருக்கு, மைக் ஹாதோர்ன் தன்னோட ஜாகுவாரை பிட்ல நிறுத்த பிரேக் போட்டார். பின்னாடி வந்த லான்ஸ் மாக்லின் தன்னோட ஆஸ்டின்-ஹீலியை ஒதுக்கினார். அதுக்கும் பின்னாடி முழு வேகத்துல வந்த பியர் லெவேயோட மெர்சிடிஸ், அந்த ஆஸ்டின்-ஹீலி மேல ஏறிப் பறந்து மண் மேட்டுல மோதிச் சிதறிச்சு. இன்ஜினும் முன் ஆக்சிலும் கூட்டத்துக்குள்ள பாய்ஞ்சுது. லெவேயும் பார்வையாளர்கள் 80 பேருக்கு மேலயும் இறந்தாங்க. மோட்டார் பந்தய வரலாற்றுல இதைவிடப் பெரிய விபத்து இன்னிக்கு வரைக்கும் கிடையாது.

பந்தயத்தை நிறுத்தல. பொறுப்புல இருந்தது அதே சார்ல்ஸ் ஃபரூ. நிறுத்தினா கூட்டம் மொத்தமா வெளியேறி ரோட்டை அடைச்சிடும், ஆம்புலன்ஸ் போக முடியாதுன்னு காரணம் சொன்னாங்க. முன்னணில இருந்த மெர்சிடிஸ் டீம் நடுராத்திரிக்கு மேல தன்னோட கார்களை வாபஸ் வாங்கிச்சு. ஜாகுவார் தொடர்ந்து ஓடிச்சு. ஹாதோர்னும் ஐவர் பியூபும் ஜெயிச்சாங்க. வெற்றி மேடைல ஹாதோர்ன் ஷாம்பெய்னோட சிரிக்கிற படம் ஒண்ணு வந்துச்சு. பிரெஞ்சுப் பத்திரிகை ஒண்ணு அதை நக்கலான தலைப்போட போட்டுச்சு.

அதுக்கப்புறம் நடந்தது நமக்கு ரொம்பப் பழக்கமான விஷயம். பிரான்ஸ்ல ஹாதோர்னைக் குற்றம் சொன்னாங்க. இங்கிலாந்துல அவருக்குப் பரிஞ்சு பேசினாங்க. எந்த நாட்டுக்காரர், எந்த டீம் ரசிகர்ங்கிறதைப் பொறுத்து தீர்ப்பு மாறிச்சு. 24 மணி நேரமும் 80 உயிரும் ஒரே ஒரு சிரிப்புப் படத்துக்குள்ள சுருங்கிப் போச்சு. இன்னிக்கு 15 செகண்ட் க்ளிப்பை வெச்சு நாம சண்டை போடுறோமே, அதேதான்.

அதிகாரபூர்வ விசாரணை எந்த ஓட்டுநரையும் குற்றவாளின்னு சொல்லல. சிக்கல் ட்ராக்ல இருந்துச்சு. மணிக்கு 92 கிலோமீட்டர் சராசரி ஓடின காலத்துக்குத் திட்டமிட்ட சாலை அது. அதே சாலைல இப்போ 270க்கு மேல போற கார்கள். பிட்டுக்கும் ட்ராக்குக்கும் நடுவுல தடுப்பு இல்ல, மக்களுக்கு முன்னாடி இருந்தது ஒரு மண் மேடு. முப்பது வருஷமா லோடு ஏறிட்டே இருக்கு, ஆர்க்கிடெக்சரை யாரும் மாத்தல. எந்த சாஃப்ட்வேர் ஆளுக்கும் இந்தக் கதை தெரியும்.

பந்தய ரசிகர்கள் எப்பவும் சொல்ற ஒரு வாதம் உண்டு: "ரிஸ்க் தெரிஞ்சுதானே ஓட்டுறாங்க." ஓட்டுநருக்கு அது பொருந்தும். ஆனா 1955ல இறந்தவங்க கிட்டத்தட்ட எல்லாருமே ரசிகர்கள். டிக்கெட் வாங்கிட்டு குடும்பத்தோட வேடிக்கை பார்க்க வந்தவங்க. அவங்க எந்த ரிஸ்க்குக்கும் கையெழுத்துப் போடல. அந்த இடத்துல பத்திரிகைகள் கேட்டதுதான் சரியான கேள்வி. ஒரு ஓட்டுநரைக் கைகாட்டினது தப்பு, ஆனா கேள்வி தப்பில்ல.

பதில் செயல்ல வந்துச்சு. பிட் கட்டடத்தை இடிச்சு பின்னாடி தள்ளிக் கட்டினாங்க, சாலையை அகலப்படுத்தினாங்க. அந்த வேலை முடியணும்னு 1956 பந்தயம் ஜூலைக் கடைசிக்குப் போச்சு. சுவிட்சர்லாந்து சர்க்யூட் பந்தயத்தையே தடை செஞ்சுது, அது பல பத்தாண்டுகள் நீடிச்சுது. இத்தாலில 1957 மே மாசம் மில்லே மிலியா பந்தயத்துல குழந்தைகள் உட்படப் பார்வையாளர்கள் ஒன்பது பேர் இறந்தாங்க. பொதுச் சாலைல வேகப் போட்டியா நடந்த மில்லே மிலியா அதோட முடிஞ்சுது. லெ மான்ஸ் பிழைச்சதுக்குக் காரணம் ரசிகர்களோட வாதம் இல்ல. அது தன்னை மாத்திக்கிட்டதுதான்.

1969: நடந்து போன ஒருத்தர்

விமர்சனம் வெளியில இருந்துதான் வரணும்னு இல்ல. அந்தக் காலத்து லெ மான்ஸ்ல பந்தயம் தொடங்குற விதமே தனி அழகு. ஓட்டுநர்கள் ரோட்டுக்கு ஒரு பக்கம் நிப்பாங்க, கார்கள் எதிர்ப் பக்கம் இருக்கும். கொடி விழுந்ததும் ஓடிப்போய் ஏறிக் கிளம்பணும். ரசிகர்களுக்கு உயிர் அந்தக் காட்சி. ஆனா முதல்ல கிளம்புற அவசரத்துல சீட் பெல்ட் போடாமலே சில பேர் ஓட்டினாங்க.

1969ல ஜாக்கி இக்ஸ், வயசு 24. கொடி விழுந்துச்சு, எல்லாரும் ஓடினாங்க. இவர் மட்டும் நிதானமா நடந்தார். ஏறினார், பெல்ட்டை ஒழுங்கா மாட்டினார், கடைசியா கிளம்பினார். அதே பந்தயத்தோட முதல் சுற்றுல ஜான் வூல்ஃப்ங்கிற ஓட்டுநர் விபத்துல காருக்கு வெளிய தூக்கி எறியப்பட்டு இறந்துபோனார். அவர் பெல்ட் போட்டிருக்கல.

கடைசியா கிளம்பின இக்ஸும் ஜாக்கி ஆலிவரும்தான் அந்தப் பந்தயத்தை ஜெயிச்சாங்க. கிட்டத்தட்ட 5000 கிலோமீட்டர் ஓடின பிறகு ரெண்டாவது வந்த போர்ஷேக்கும் இவங்களுக்கும் இருந்த இடைவெளி சுமார் 120 மீட்டர். "எண்டூரன்ஸ்னா போர்"னு யாராவது சொன்னா நான் எடுத்து நீட்டுற முதல் உதாரணம் இதுதான். ஆனா நடந்து போன அந்தச் சில விநாடிகள்தான் எனக்குப் பெருசா தெரியுது. அடுத்த வருஷம் ஓடிப்போய் ஏறுற வழக்கமே போச்சு. ரசிகர்கள் ஒரு அழகான காட்சியை இழந்தாங்க. பரவாயில்ல.

2018: அது வெற்றியா?

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். 2016ல டொயோட்டா முன்னணில இருக்கு. பந்தயம் முடிய மூணு நிமிஷம் சொச்சம் பாக்கி. ஓட்டுறவர் கசுகி நகாஜிமா. கார் சக்தி இழந்துடுச்சு. ஸ்டார்ட்-ஃபினிஷ் கோட்டுக்குப் பக்கத்துல நின்னே போச்சு. போர்ஷே தாண்டிப் போய் ஜெயிச்சுது. கடைசிச் சுற்றை முடிக்க அதிக நேரம் ஆனதால டொயோட்டாவோட அந்தக் காரைத் தரவரிசைலயே சேர்க்கல. 23 மணி 56 நிமிஷம் ஜெயிச்சவங்களுக்கு முடிவுப் பட்டியல்ல இடமே இல்ல. டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவுல இருந்த காற்றுக் குழாயோட இணைப்பு ஒண்ணுதான் பழுது. 2017ல மூணு காரோட வந்தாங்க, மறுபடியும் தோத்தாங்க.

ஆடி 2016 முடிவுலயும் போர்ஷே 2017 முடிவுலயும் விலகிட்டாங்க. 2018ல டொயோட்டா கடைசியா ஜெயிச்சுது. அலோன்சோ, புவெமி, அதே நகாஜிமா. ரெண்டாவது இடமும் டொயோட்டாதான். மூணாவது வந்த ரெபெல்லியன் 12 சுற்று பின்னாடி. உடனே விமர்சனம் வந்துச்சு: போட்டியே இல்லாத வெற்றி, விதிமுறையும் ஹைப்ரிட் காருக்குத்தான் சாதகம், இது கண்காட்சி ஓட்டம்.

ரசிகர்கள் கொதிச்சாங்க. நானும்தான். எங்க பதில்: "லெ மான்ஸ்ல எதிரி பக்கத்துக் கார் இல்ல, லெ மான்ஸ்தான். 2016ல டொயோட்டாவைத் தோக்கடிச்சது ஒரு குழாய் இணைப்பு." இது பொய் இல்ல. அந்த வருஷம் டொயோட்டா சோதனை ஓட்டங்கள்ல வேணும்னே பழுதுகளை உண்டாக்கி, காரைத் திரும்பக் கொண்டுவரப் பழகிச்சு. ப்ரொடக்‌ஷன்ல உடையுறதுக்கு முன்னாடி நாமளே உடைச்சுப் பார்க்குற மாதிரி. அது உழைப்பு, அதுக்கு மரியாதை உண்டு.

ஆனா யோசிச்சுப் பாருங்க, விமர்சனமும் பொய் இல்ல. பெரிய கம்பெனிகள் ஒண்ணொண்ணா ஓடிப்போற அளவுக்கு அந்தப் பிரிவோட செலவு எகிறியிருந்துச்சு. நாம "டொயோட்டாவை அவமானப்படுத்தாதீங்க"ன்னு சண்டை போட்டுட்டு இருந்தப்போ, விமர்சகர்கள் சொன்ன நோயை நடத்துறவங்க ஒத்துக்கிட்டாங்க. செலவைக் கட்டுப்படுத்தி 2021ல ஹைப்பர்கார் பிரிவு வந்துச்சு. 2023ல, லெ மான்ஸோட நூற்றாண்டுப் பந்தயத்துல டொயோட்டா, போர்ஷே, காடிலாக், பேஜோ எல்லாம் ஒரே பிரிவுல. 50 வருஷம் கழிச்சு மேல் பிரிவுக்குத் திரும்பின ஃபெராரி ஜெயிச்சுது. ரெண்டாவது வந்த டொயோட்டாவுக்கும் அதுக்கும் வித்தியாசம் ஒண்ணரை நிமிஷம்கூட இல்ல.

ஹேப்பி எண்டிங்கா? இல்ல. அந்தப் பந்தயத்துக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, கார்களைச் சமப்படுத்துறோம்னு டொயோட்டாவுக்கு 37 கிலோ, ஃபெராரிக்கு 24 கிலோ எடையைக் கூட்டினாங்க. அடுத்த சண்டை அதுல தொடங்கி இன்னும் ஓடிட்டு இருக்கு.

நண்பருக்கு என் பதில்

டீக்கடைக்குத் திரும்புவோம். அந்தக் கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "ஆமா மச்சி, மொத்தத்துல மூணாவது இல்ல, பிரிவுல மூணாவது. ஒரே ரோட்ல வேற வேற வேகக் கார்கள் ஒண்ணா ஓடுது. ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப் பந்தயம். செய்தித் தலைப்புல அது விட்டுப்போயிருந்தா நீ கேட்டது நியாயம்." அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, டீயும் சூடா இருந்திருக்கும்.

சென்னைக்காரர் கருண் சந்தோக் 2012ல லெ மான்ஸ் ஓட்டினார், அவர் டீம் ஒட்டுமொத்தமா ஆறாவது வந்துச்சு. 2009ல நரேன் கார்த்திகேயன் அங்க போயும், பந்தயத்துக்கு முன்னாடி தோள்பட்டைல அடிபட்டு ஓட்ட முடியாம திரும்பினார். ரெண்டும் நம்ம ஊர்ல பெரிய செய்தி ஆகல. அப்போ நமக்கு இந்தப் பந்தயமே தெரியாது. இப்போ தெரிய ஆரம்பிச்சிருக்கு. தெரிஞ்சா கேள்வி வரும், கிண்டலும் வரும்.

அப்போ நாம செய்ய வேண்டியது ஒண்ணு. விமர்சனம் அறியாமைல வருதா, அக்கறைல வருதான்னு முதல்ல பிரிச்சுப் பார்க்கணும். அறியாமைன்னா பொறுமையா விளக்குங்க. அக்கறைன்னா வாயை மூடிட்டுக் கேளுங்க. ஏன்னா அடுத்த விபத்துல ட்ராக் ஓரமா நிக்கப்போறது விமர்சகர் இல்ல, நாமதான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம் மக்களே. பெல்ட் போட்டு ஓட்டுங்க.