கலவன்

சேலையூர் ஏரிக்குக் கீழே இப்போது மனைகள்தான். ஒருகாலத்தில் அங்கே சொர்ணவாரியும் சம்பாவும் நட்ட பெண்களிடம் பேசினால் ஒரு சொல் வந்து விழும்: கலவன். கதிர் தள்ளும்போது உயரம் தவறியது, முந்திப் பூத்தது எல்லாம் கலவன். ‘பிடுங்கி வரப்புல போடு’ம்பாங்க. விதைச் சான்றளிப்பின் சொல்லாடலும் அதேதான்.

நெல் தனக்குள்ளேயே கருவுறும் பயிர். முற்பகலில் பூ விரியும்போதே மகரந்தப்பை வெடித்துத் தன் சூல்முடியில் கொட்டிவிடுகிறது. அயல் மகரந்தம் சேர்வது பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாது. கலந்து பிறந்த செடியாயினும் தலைமுறைதோறும் அதன் கலப்பு பாதிபாதியாகக் குறையும். ஏழெட்டுத் தலைமுறையில் ஏறக்குறைய ஒரே அச்சு. ஆக, நெல்லின் பன்மை ஒரு செடிக்குள் இல்லை. செடிக்கும் செடிக்கும், வயலுக்கும் வயலுக்கும் இடையில் இருக்கிறது. பனை இதற்கு நேரெதிர். ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு என்பதால் ஒவ்வொரு மரமும் கலப்புத்தான். தாம்பரத்தில் ஒரு தோப்பு அழிந்தாலும் அதன் கூறுகளில் பலவற்றை வண்டலூர்ப் பனைகள் வைத்திருக்கக்கூடும். நெல்லில் ஒரு ரகம் போனால் போனதுதான். (இதைக்கொண்டு அகமணத்துக்கு நியாயம் பேச ஆள் வரும். நெல்லுக்குச் சாதி கிடையாது, விடுங்கள்.)

1903இல் டென்மார்க்கின் யோகான்சன், பீன்ஸ் விதைகளை வைத்து ‘தூய வரிசை’க் கோட்பாட்டை முன்வைத்தார். 1912இல் கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. உழவர் வயலின் கலவையிலிருந்து ஒற்றைச் செடியைப் பிரித்து அதன் சந்ததியை மட்டும் பெருக்குவது முறையானது. தூய்மை என்ற சொல்லைத் தமிழ் படித்த நாம் சந்தேகிக்கப் பழகியிருக்கிறோம். வேளாண்மையில் அது விளைச்சலும் தந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், 1921இல் வெளியாகிப் புகழ்பெற்ற ஜி.இ.பி. 24 கோணாமணி வயலில் தானாக மாறி நின்ற செடியிலிருந்து வந்தது. அதாவது, ஒரு கலவன். அதைக் கோ 18உடன் கலந்து, தாம்பரமும் அடங்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திரூர்க்குப்பம் நிலையம் டி.கே.எம். 6ஐ உருவாக்கியது. தண்டுத்துளைப்பானை ஓரளவு தாங்கும் அந்த நெல் பிலிப்பைன்ஸ் சென்று 1969இல் ஐ.ஆர். 20க்கும் 1973இல் ஐ.ஆர். 26க்கும் பெற்றோரானது. ஐ.ஆர். 20 இங்கேயே திரும்பி வந்து பழைய சம்பாக்களின் இடத்தைப் பிடித்தது. புகையானைத் தாங்கும் என்று பரப்பப்பட்ட ஐ.ஆர். 26க்கோ ஆயுள் குறைவு. எல்லாச் செடியும் ஒரே எதிர்ப்பு. அதைத் தாண்டத் தெரிந்த பூச்சிக்கு ஒரு வயலும் மறுவயலும் ஒன்றுதான். பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் சில ஆண்டுகளுக்குள் புகையான் அதை வீழ்த்திற்று. மாற்று எதிர்ப்பைத் தேடிப் போனவர்கள் மறுபடி பழைய நாட்டு ரகங்களிடம்தான் போனார்கள்.